டீசலே எடுங்கக்கா

அந்த அக்கா வீட்டு வாசலில் அழைப்பு மணி கிடையாது. மணி இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. கம்பிக் கதவில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "தயவுசெய்து தட்டாதீர்கள். மெசேஜ் அனுப்பவும்." கீழே அவருடைய கைப்பேசி எண். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, யாரையோ கேட்டு எழுதி வாங்கிய சீனத்தில் ஒருமுறை.

சிங்கப்பூர் கிளமெண்டியில் என் வீடு ஆறாவது மாடி. அவருடையது ஏழாவது மாடி, எங்களுக்கு நேர் மேலே. பதினோரு வருடம் அவருக்குக் கீழே குடியிருந்தோம். அத்தனை வருடத்தில் மேலே ஒரு நாற்காலி இழுபட்டு நான் கேட்டதில்லை. நாற்காலிக் கால்கள், மேசைக் கால்கள் எல்லாவற்றுக்கும் பழைய காலுறைகளை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார். சமையலறையில் குக்கர் இல்லை, விசில் அடிக்குமே. மிக்ஸியும் இல்லை. தேங்காயையும் மசாலாவையும் தேக்கா மார்க்கெட்டில் அரைத்ததாகவே வாங்கி வருவார். சாமி அலமாரியில் ஒரு கைமணி இருந்தது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போன என் மகள் அதை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. உள்ளே நாக்கைக் கழற்றியிருந்தார்.

"சாமிக்குக் கேக்கும்மா, நம்ம ஆட்டினா போதும்" என்றார் அவளிடம்.

பேச்சும் அப்படித்தான். லிஃப்டில் அவரோடு நின்றால் நாம் குனிந்து கேட்க வேண்டும். யார் எதை வாங்கினேன் என்று சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான். என் மனைவி புது விசிறி வாங்கிய அன்று, விலையோ கடையோ கேட்கவில்லை. "சத்தம் எப்படி இருக்கு?" என்றார். மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிடப் போனபோது, "பாட்டு போடுவீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, "போடுங்க, போடுங்க, புள்ளைங்க ஆசப்படும். நாங்க அந்நேரம் வெளிய போய்க்கிறோம். சாரி லா" என்றார். எதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எல்லாம் கதிருக்காக. கதிர் அவருடைய மகன், ஒரே பிள்ளை. இருபத்து நாலு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். பேச்சு வரவில்லை. காது மட்டும் ஊரில் யாருக்கும் இல்லாத காது. குழந்தைக்கு இப்படி என்று தெரிந்த மறுவருடமே தகப்பன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டதாகக் கேள்வி. அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

எந்தச் சத்தம் கதிரைக் குத்தும், எது குத்தாது என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். தேசிய தின ஒத்திகைக்கு விமானங்கள் எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்குப் பறக்கும் என்பது எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் அவருக்குத்தான் முதலில் தெரியும். சீனப் புத்தாண்டுக்குச் சிங்க நடனம் வரும் நாள், சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில் திடலில் பாட்டு மேடை போடும் நாள், எதிர் புளோக்கில் தரையை உடைத்துச் சீரமைக்கும் நாள் எல்லாம் அவருடைய சமையலறை நாட்காட்டியில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தன. அந்த நாட்களில் அம்மாவும் மகனும் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும், எங்கள் புளோக்கிலேயே அதிகச் சத்தம் கேட்டது அந்த வீட்டிலிருந்துதான். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் கதிர் கத்த ஆரம்பிப்பான். அதை அழுகை என்று சொல்ல முடியாது, கோபம் என்றும் சொல்ல முடியாது. அடிவயிற்றிலிருந்து ஒரே மூச்சில் ஏறி, உடைந்து, மறுபடி ஏறும். இரண்டு மணி நேரம். நடுவில் அக்காவின் குரல் ஒருமுறைகூடக் கேட்காது.

அவர் வேலை வேன் ஓட்டுவது. ஒரு சலவை நிறுவனத்துக்காக, ஜாலான் புசார் பக்கத்துச் சின்னச் சின்ன ஹோட்டல்களில் துவைத்த விரிப்புகளை இறக்கிவிட்டு அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போவார். நான் வேலை பார்க்கும் கடையும் அங்கேதான் இருக்கிறது. லோரி, வேன், பிக்கப் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை. இருபது வருடமாகக் கௌண்டரில் நிற்கிறேன். காலை பத்து மணிக்கு அவருடைய பழைய டீசல் வேன் கடையைத் தாண்டிப் போகும்போது பக்கத்து இருக்கையில் கதிர் இருப்பான். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், ஒத்துவரவில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, தன்னோடு வண்டியில் ஏற்றிக்கொண்டுவிட்டார்.

அந்த வேனில் நான் பார்த்த கதிர் வேறு ஆள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்பலகையின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, இஞ்சின் போடும் அதே தொனியில் தொண்டைக்குள் முனகிக்கொண்டிருப்பான். அக்கா மூட்டைகளை இறக்கப் போகும்போது இஞ்சினை அணைக்க மாட்டார். ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்து, நிற்கும் வண்டியில் இஞ்சின் ஓடக்கூடாது என்று எச்சரித்தார். அக்கா மூட்டையைத் தோளில் வைத்தபடியே, "ஒரே நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டு ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். வெளியே நிறுத்தியிருந்த வண்டி புதிது.

"தம்பி, கம்பெனியில எல்லா வேனும் மாத்திட்டாங்க. எலக்ட்ரிக்."

"நல்லதுதானேக்கா. சத்தமே இருக்காது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதான் தம்பி" என்றார்.

முதல் நாள் கதிர் முன்பலகையைத் தடவித் தடவித் தேடியிருக்கிறான். பிறகு தட்டியிருக்கிறான், தூங்குகிற ஆளை எழுப்புவதுபோல. பிறகு குத்த ஆரம்பித்துவிட்டான். நாலாம் நாள் கண்ணாடியில் விரிசல். முதலாளி கூப்பிட்டு, இனிமேல் மகனை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா காலையில் மட்டும் அவனைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தி, அரைநாள் வேலைக்கு மாறி, மீதி நேரம் வீட்டில் இருந்தார். கதிருக்கு இப்போது ஏழு மணி என்பதெல்லாம் இல்லை. மத்தியானமே ஆரம்பித்துவிடுவான்.

அந்த வருடம் என் மகள் ஆறாம் வகுப்பு, எந்த உயர்நிலைப் பள்ளி என்று முடிவாகும் தேர்வு. சிங்கப்பூரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். அந்த வாரம், எட்டாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் நகரமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். இது புகார் அல்ல, அந்த அம்மாவுக்கும் உதவி கிடைக்கட்டும் என்றுதான் என்றார். ஏற்கெனவே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் பேனாவை வாங்கினேன். என் மனைவி உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்கா மறுபடியும் கடைக்கு வந்தார். கையில் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று.

"தம்பி, பிக்கப்ல பெட்ரோல் நல்லதா, டீசல் நல்லதா?"

"எதுக்குக்கா?"

"கேம்பர் இழுக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு ஜன்னல். மலேசியாவில், ஜொகூரில் ஒரு பட்டறையில் செய்து தருகிறார்களாம். அவருடைய அண்ணன் அங்கேதான் கூலாயில் இருக்கிறார். வண்டியை அண்ணன் பெயரில் பதிந்து, அவர் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அக்காவுக்கு ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது, சேமநிதியில் கொஞ்சம் எடுக்கலாம். வேலையை விட்டுவிட்டு மகனோடு வடக்கே போவார். பகலெல்லாம் ஓட்டுவார். சாயங்காலம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துவார்.

"அங்க கத்தினா கத்தட்டும் தம்பி. மரத்துக்கு என்ன, காதா வலிக்கப் போவுது?"

அவர் வாயிலிருந்து வேடிக்கையாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கு அதுவே வேலை. வேலை முடிந்து, என் சாப்பாட்டு இடைவேளையில் வருவார். நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வார். பெட்ரோல் பிக்கப் காலியாக ஓடும்போது சுகமாக இருக்கும், அதிர்வு குறைவு, பராமரிப்பும் லேசு. ஆனால் பின்னால் ஒன்றரை டன்னை மாட்டி மேட்டில் ஏற்றினால் மூச்சு வாங்கும். கியரைக் குறைத்துக்குறைத்துச் சுற்றலை ஏற்ற வேண்டும். டீசல் அப்படி இல்லை. கீழ்ச் சுற்றலிலேயே இழுவை கிடைத்துவிடும், பாரம் ஏறினாலும் நிதானம் மாறாது, இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். புகை, வடிகட்டி, டர்போ என்று செலவு பிறகு வரும், அது வேறு விஷயம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு கேட்பார்.

"சத்தம் எப்படி இருக்கும் தம்பி?"

"இழுக்கறப்ப பெட்ரோல் கத்தும்க்கா. டீசல் ஒரே மாதிரி அடிச்சொரத்துல போவும்."

"ஒரே மாதிரின்னா, மேட்டுலயும்?"

"மேட்டுலயும். டீசலே எடுங்கக்கா."

அப்படி எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. வாடிக்கையாளர்களிடம்கூடப் பேசாத உற்சாகத்தோடு பேசினேன். கடைக்கு வந்த லோரிக்காரர்களிடம் விசாரித்தேன். ஜொகூரில் பழைய பிக்கப் விற்கும் ஒருவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். என் மனைவி ஒருநாள், "அவங்க வண்டிக்கு நீங்க என்ன இப்படிப் பறக்குறீங்க?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி என்று சொன்னேன். மகளின் தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, கதிர், நான் மூவரும் கடற்பாலம் தாண்டிப் போனோம். அண்ணன் எதிர்ப்பக்கம் வந்து காத்திருந்தார். பேருந்தில் கதிரை டீசல் இஞ்சின் மேல் வரும் கடைசி வரிசையில் உட்கார வைத்ததால் பிரச்சினை இல்லை. விற்பவர் ஒரு தமிழர், வாய் நிறையச் சிரிப்பு. இரண்டு பிக்கப்பைக் கழுவி நிறுத்தியிருந்தார். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல்.

"அக்கா, லேடீஸ் ஓட்டறதுக்கு பெட்ரோல்தான் பெஸ்ட்டு. ஸ்மூத்தா இருக்கும், வேணும்னா ஓட்டிப் பாருங்க."

அக்கா வண்டியின் அடியைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. "பின்னால பாரம் மாட்டித் தாங்க" என்றார். விற்பவர் தலையைச் சொறிந்துவிட்டு, மண் ஏற்றிய ஓர் இழுவண்டியைக் கொண்டுவந்து மாட்டினார். முதலில் பெட்ரோல். முன்னால் அக்காவும் கதிரும், பின்னிருக்கையில் நான். சமதரையில் கதிர் சும்மா இருந்தான். மேம்பாலத்தில் ஏறும்போது இஞ்சின் சுற்றல் எகிறியது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். அக்கா உடனே ஓரம் கட்டி வண்டியைத் திருப்பினார்.

டீசலில் ஏறியதும் அவன் உள்ளங்கைகளை முன்பலகையில் வைத்தான். மேம்பாலத்தின் உச்சியில் கன்னத்தையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டான். மாதக்கணக்கில் கேட்காத அந்த முனகல் வந்தது. அக்கா சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை.

இறங்கியதும் விற்பவரிடம், "இதே போதும்" என்றார்.

மற்ற வேலைகளை எல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டார். ஆறு வாரத்தில் கேம்பர் தயாரானது. கிளம்பும் நாள் காலையில் நான் லிஃப்ட் வரைக்கும் பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கதிரின் தலையணை, கதிரின் தட்டு, நாக்கில்லாத மணி. எட்டாவது மாடி மனிதர்கூட இறங்கி வந்து, பயணம் நல்லபடியாக அமையட்டும் என்றார். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு கணம் கூரையைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள்.

முதல் நாள் மத்தியானமே அக்காவிடமிருந்து குரல்செய்தி வந்திருந்தது. பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, மூணு மணி நேரம் ஆச்சு. புள்ள ஒரு சத்தம் போடல. நீங்க சொன்ன மாதிரியே ஒரே சொரத்துல போவுது. நல்லா இருக்கணும் நீங்க." என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன்.

இரண்டாம் நாள் பகலில் அழைத்தார். கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பி, வண்டிய நிறுத்தாமலே எவ்வளவு நேரம் ஓட்டலாம்?"

"டீசல்தானேக்கா, எவ்வளவு வேணும்னாலும் ஓடும். ஆயிலும் தண்ணியும் மட்டும் பாத்துக்குங்க."

"நின்ன எடத்துலயே ஓடினா?"

"அதுக்கும் தாங்கும். லோரிக்காரங்க நாளெல்லாம் ஓடவிட்டுத் தூங்குவாங்க. பயப்படாதீங்க."

"சரி தம்பி."

ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கௌண்டரில் ஒருவர் பிரேக் பட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைப் பிறகு அவரே சொன்னார், ஒரே தடவையில் அல்ல, லிஃப்ட் முன்னால் நிற்கும்போது கொஞ்சம், மாடிப்படியில் கொஞ்சமாக.

முதல் நாள் நாலு மணிக்கு ஆற்றோரமாக ஒரு முகாம் திடலில் நிறுத்தியிருக்கிறார். ஆள் இருக்காது என்று நம்பிப் போன இடத்தில் பள்ளி விடுமுறைக்கு வந்த ஏழெட்டுக் குடும்பங்கள். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். கிளமெண்டி வீட்டில் கதிருக்கு ஒரு மூலை உண்டு. எவ்வளவு கத்தினாலும் கடைசியில் அந்த மூலையில் போய் உட்காருவான். இங்கே மூலையும் இல்லை, அறையும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது என்று இருந்தது அந்த இஞ்சின் ஒன்றுதான், அதுவும் நின்றுவிட்டது. கேம்பரின் மெல்லிய சுவரில் தலையை மோத ஆரம்பித்தான். சுவர் உள்வாங்கிக் குழிந்தது. நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. அக்கா அவனை இழுத்துக்கொண்டு போய் முன்னிருக்கையில் உட்கார வைத்து இஞ்சினைப் போட்டார். அடங்கினான்.

பிறகு அணைக்க முடியவில்லை. புகை வருகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று பக்கத்துக் குடும்பத்தார் வந்து சொன்னார்கள். நல்லவிதமாகத்தான் சொன்னார்களாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிறுத்தி, இஞ்சின் ஓட ஓட, ஸ்டியரிங்கில் தலைவைத்து அரைமணி, அரைமணியாகத் தூங்கினார். டீசல் போடும் இடத்தில் அணைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கதிர் கத்த, ஆட்கள் கூடினார்கள், ஒருவன் படம் பிடித்தான். அவனை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போக முடியாது, கூட்டிக்கொண்டும் போக முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். தைப்பிங் வரைக்கும் போய்த் திரும்பினார். நாலு நாளில் கேம்பரின் படுக்கையில் ஒருவரும் படுக்கவில்லை. விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது.

நாலாம் நாள் திரும்பி வரும் வழியில் கண் அசந்துவிட்டது. கேம்பர் ஆடி ஆடி ஓரத் தடுப்பில் உரசிப் பக்கச் சுவர் முழுவதும் கிழிந்துவிட்டது. இருவருக்கும் காயமில்லை. அண்ணன் வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அக்கா சாலையோரம் நின்றிருக்கிறார், பிக்கப் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே கதிர் அமைதியாக முனகிக்கொண்டிருக்க.

"இஞ்சின் ஓடறதப் பத்தியே பேசினோம் தம்பி" என்றார் என்னிடம். "நிக்கறதப் பத்தி ஒரு நாளும் பேசல. நோட்டு முழுக்கத் தேடிப் பாத்துட்டேன்."

ஹோட்டல் வாசலில் அவர் வேனை அணைக்காமல் ஓடியதை நான் கண்ணால் பார்த்தவன். எனக்கும் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் மருத்துவமனையில் கதிரின் நெற்றிக் காயத்தைக் காட்டியபோதே சமூக ஊழியர் வந்து பேசியிருக்கிறார். அதற்கு முன்னும் பலமுறை பேசியிருக்கிறார்கள், அக்கா மறுத்திருக்கிறார். இந்தமுறை மறுக்கவில்லை. சிங்கப்பூரிலேயே வடக்கே ஒரு நிரந்தரக் காப்பகத்தில் இடம் கிடைத்தது. மூன்று வாரத்தில் கதிர் போய்விட்டான். என் மகள் தேர்வு எழுதி, விரும்பிய பள்ளியில் சேர்ந்தாள்.

அதன்பிறகு அக்காவிடம் கதிரைப் பற்றிக் கேட்டால், "மருந்து குடுக்குறாங்க. அமைதியா இருக்கான்" என்பார். ஒருநாள் கூடவே, "கன்னத்தத் தொட்டேன். திரும்பிப் பாக்கல" என்றார். வேலைக்குப் போகவில்லை. சில நாள் காலையில் கீழே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். நான் வேலை முடிந்து வரும்போதும் அங்கேயே இருப்பார். பிக்கப்பை அண்ணன் விற்றுவிட்டதாகச் சொன்னார்.

எனக்குத் தூக்கம் கெட்டது அப்போதுதான். ஒரு சனிக்கிழமை காலை, மெசேஜ் அனுப்பிவிட்டு மேலே போனேன். கதவைத் திறந்தார். நாற்காலிக் கால்களில் காலுறை அப்படியே இருந்தது. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

"தெரியும் தம்பி. ஒளிவு மறைவு வேணாம்னு மேல் வீட்டு அங்கிள் எனக்கும் ஒரு காப்பி குடுத்தாரு. மூணாவது கையெழுத்து. அது மட்டும்தான் தமிழ்ல இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து வண்டியப் பத்திக் கேட்டீங்க?"

"வேற யார்கிட்ட கேக்குறது? வண்டி விக்கிறவன் விக்கிறதுக்குச் சொல்லுவான். அண்ணன் போவாதேன்னு சொல்லுவாரு. நாங்க போவணும்னு நெனைக்கிறவருதான் நல்ல வண்டியாப் பாத்துச் சொல்லுவாருன்னு வந்தேன்."

குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. பேருந்து எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "நல்ல வண்டியாத்தான் சொன்னீங்க" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரைக்கும் வந்தது. அவர் எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வருடக் கடைசியில் அவர் அந்த வீட்டை விற்றுவிட்டு, காப்பகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார். சாமான் ஏற்ற வந்த லோரியில் பாதிகூட நிறையவில்லை. "வந்து பாருங்க தம்பி. ஞாயித்துக்கெழம நாலு மணி வரைக்கும் பாக்க விடுவாங்க. யாராச்சும் வந்தா அவனுக்கும் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார். கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

இரண்டு முறை அழைத்துக் கேட்டார். ஒருமுறை மகளுக்கு டியூஷன் என்றேன், ஒருமுறை காய்ச்சல் என்றேன். மூன்றாம் முறை அவர் அழைக்கவில்லை. கிளமெண்டியிலிருந்து அங்கே போக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் இன்னும் போகவில்லை.